ஆளில்லாத வீட்டுக்குச் சொன்ன சொல்

மோர்டன், லண்டன்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் கௌசிக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் ஸ்கொட்லாந்தில் டண்டீயில் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் நீ செய்த பிழையைச் சொல்லாமல் சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. ஆளில்லாத ஒரு வீட்டுக்கு நீ "போட்டு வாறன்", போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். லைப்ரரியில் படிக்கிறேன் என்று எங்களுக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனது இரண்டாவது பிழை. அதை மன்னிப்பேன். முதலாவதை அப்படி விட ஏலாது.

உன் வகுப்பு யதுசனின் தாய் கலாவதி, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தா. எங்களுக்கும் தெரியும் என்று நினைத்து உங்கள் நாலு பேரின் கடற்கரைப் பயணத்தைப் புகழ்ந்தா. மாணவர் அட்டையில் கோச் பஸ் ரிக்கெற், சீசன் முடிந்ததால் பாதி வாடகைக்கு ஒரு கடற்கரை வீடு, நாலு பேருக்கும் பங்கு, சாப்பாட்டுக் கடை பக்கமே போகாமல் ரைஸ் குக்கரையும் மீன்ரின்னையும் பையில் கொண்டு போன கெட்டித்தனம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடம் முடிக்காத நான் பஸ் அட்டவணை பார்த்து இங்கிலிஷ் படித்தவன், என்னிடம் கேட்டிருந்தால் இன்னும் மலிவான கோச்சைக் கண்டுபிடித்துத் தந்திருப்பேன். நீ கேட்கவில்லை. அது கிடக்கட்டும். பிறகு கலாவதி சிரித்துச் சிரித்து மற்றதையும் சொன்னா. வெளிக்கிடுகிற அன்று மற்ற இரண்டு பிள்ளைகளும் பஸ் தரிப்புக்குப் போய்விட்டார்களாம், நீ கதவைப் பூட்டித் திறப்பை வாசலிலிருந்த சாவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எங்கள் வீட்டில் சொல்கிற பழக்கத்தில் கதவைப் பார்த்து "போட்டு வாறன்" என்றாயாம், உள்ளே இருந்து ஒரு குரல், சரி வா என்கிற மாதிரி, "ஓம்" என்றதாம். அம்மாவும் சேர்ந்து சிரித்தா. நான் சிரிக்கவில்லை.

உடனே யதுசனுக்குப் போன் எடுத்தேன். நீதானே தம்பி ஓம் சொன்னது என்று கேட்டேன். இல்லை அங்கிள், நான் கேற்றடியில் நின்றனான், கௌசிதான் குரலை மாத்திப் பகிடி விட்டவ எண்டு நினைச்சன் என்றான். உன்னிடம் அம்மா கேட்டபோது நீ யதுசன் என்றாய். அப்போது அந்தச் சொல் யாருடையது? அதுவும் தமிழில், அந்தக் கரையில்?

இதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்காரி வாற வெள்ளிக்கிழமை காசில்லாமல் வந்து தங்கலாம் என்று உனக்கு எழுதியிருக்கிற கதை தெரிந்தது. நீ குதிக்கிறாய், மற்ற மூன்று பேருக்கும் வர ஏலாவிட்டாலும் தனியாகப் போகிறேன் என்கிறாய், அப்பாவுக்கு எல்லாம் பேய்தான் என்று அம்மாவிடம் நக்கலடிக்கிறாய். நான் யதுசனிடம் நம்பர் வாங்கி வீட்டுக்காரியோடு கதைத்தேன். வயதான மனுசி, பேச்சில் பாதிதான் எனக்கு விளங்கியது. நல்ல மனம். ஏன் இலவசம் என்று கேட்டேன். உங்கள் மகள் திரும்பி வருவதாக விருந்தினர் கொப்பியில் எழுதியிருக்கிறாவே, வீடும் சும்மா கிடக்கிறது, அதுதான் என்றா. நீங்கள் நாலு பேரும் போன பிறகு அங்கே ஒருவரும் தங்கவில்லையாம். எழுத்து விளங்காமல் தன் போனால் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தாவாம். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினா.

நாலு பேரின் பெயரும் இங்கிலிஷில் இருக்கிறது. அதற்குக் கீழே தமிழில், "கௌசி வெள்ளிக்கிழமை வாறா" என்று இருக்கிறது. யதுசனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. உன் எழுத்து நான் கை பிடித்துப் பழக்கின எழுத்து, அது எனக்குத் தெரியும். இது உன் எழுத்தில்லை. பேனை தாளை வெட்டுகிற மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறது. அம்மா படத்தைப் பார்த்ததிலிருந்து சிரிக்கவில்லை. முழங்கால் நோவையும் மறந்து சாமி அறைக்குள்ளேயே இருக்கிறா.

நாங்கள் ஏன் வாசலில் நின்று "போறன்" என்று மட்டும் சொல்வதில்லை என்று சின்னதில் நீ கேட்டாய், கேட்பவர் காத்திருப்பதற்காகத்தான் என்றேன். ஊரில் கடைசியாக வெளிக்கிட்ட நாள் நானும் ஒரு வாசலில் அப்படிச் சொன்னேன். திரும்பிப் போகவில்லை. முப்பது வருசமாகியும், கடைக்குப் போகிற வழியில் சில நேரம் யாரோ கூப்பிட்ட மாதிரி நின்று திரும்பிப் பார்க்கிறேன். காத்திருக்கிற வீடு எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும், பிள்ளை.

கோபத்தில் எழுதினாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, படித்து முடித்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதில் மாற்றம் இல்லை. நீ வெள்ளிக்கிழமை டண்டீயை விட்டு வெளிக்கிடக் கூடாது. யதுசன் அன்று முழுக்க உன்னோடு இருக்க வேண்டும், சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டான். அம்மா வீட்டுக்காரிக்குப் போன் எடுத்து, மகள் வரமாட்டாள், தகப்பன் வாறார் என்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமைக் கோச்சில் நான் போகிறேன், ரிக்கெற் எடுத்தாயிற்று, உங்களுடையதைவிட மலிவு. வெள்ளி பின்னேரம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, என் மகள் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லி, இந்த வயது வரை ஒரு வாசலிலும் சொல்லாத சொல்லாக "போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவேன். கேற்றடிக்குப் போக முதல் உனக்குப் போன் எடுப்பேன். இந்த இரண்டு நாளாக என் போனை மட்டும் எடுக்காத மாதிரி இருக்காமல் எடு. "போட்டு வாறன்" என்று உனக்குத்தான் சொல்லுவேன். நீ வாயைத் திறந்து, எனக்குக் கேட்கிற மாதிரி, "ஓம் அப்பா" என்று சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்ல முதல் நீ சொல்ல வேண்டும்.

உன் அப்பா
ஸ்ரீஸ்கந்தராஜா