கற்பூரத் தண்ணீரும் உன் இடுப்பெலும்பும்

லாத்தா,

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு தெருமுனை வீட்டில் இறந்துபோன ஒரு பெண்ணின் மய்யித்தைக் குளிப்பாட்டிவிட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுக் கற்பூர வாசனை போகவில்லை. கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைப்பது உன் வேலை. அதிராம்பட்டினத்துப் பெண்களை அக்கா தங்கை இரண்டு பேருமாக அனுப்பிவைத்த காலத்தில் நான் ஊற்றுவேன், நீ தேய்த்துவிடுவாய். கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், "மெல்லடி, அவங்களுக்கும் நோகும்" என்று அதட்டுவாய். உயிரோடிருக்கும் என்னிடம் ஒருநாளாவது அத்தனை பதமாகப் பேசியிருப்பாயா!

உனக்கு எலும்பு மெலிந்துபோயிற்று என்று மணிக்கட்டு முறிந்தபோதே தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, நாள் தள்ளவே கூடாது என்றார். உன் மகன் துபாயிலிருந்து போன் பண்ணி ஞாபகப்படுத்துவான். கொரோனா வந்தது. பஸ் நின்றது, அவன் வர வேண்டிய பிளேனும் நின்றது. "ஊரே மூச்சுக்குத் தவிக்குது, எனக்கு ஊசி ஒரு கேடா?" என்று தள்ளிப்போட்டாய்.

நீ விழக்கூட இல்லை. லுஹர் தொழுதுவிட்டுப் பாயிலிருந்து எழுந்து திரும்பினாய், இடது இடுப்பில் மளுக்கென்றது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரி என்றதும் முகம் வெளுத்தது. வலிக்குப் பயந்தவளா நீ? அங்கே மௌத்தானால் பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், குளிப்பாட்ட விடமாட்டார்கள். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிய உனக்கு அந்த ஒன்றுதான் பயம். வீடியோவில் மகன் அழுதான், "ஆபரேஷன் பண்ணலேன்னா படுத்த படுக்கைதாம்மா." கடைசியில் என் கையை இறுக்கிப் பிடித்தாய். "எது நடந்தாலும் நீதான் குளிப்பாட்டணும். சொல்லு."

"இன்ஷா அல்லாஹ், நான்தான்" என்றேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ்காரர்களைத் தூக்கவிட்டாய்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அந்த வார்டிலேயே காய்ச்சல் பிடித்தது. உன்னை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே கபர்ஸ்தானுக்கு அடக்கம் செய்யக் கொண்டுபோனார்கள். தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தடவும் தயம்முமை, கட்டிய பைக்கு மேலேயே செய்தோம் என்று ஆண்கள் வந்து சொன்னார்கள். மார்க்கத்தில் அது கூடும், மனசைப் போட்டு வருத்திக்காதீங்க என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார். உன்னைக் குளிப்பாட்ட இலந்தை இலை பறித்துப் போட்டுத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். சாயங்காலம் அதை முருங்கை மரத்தடியில் ஊற்றினேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் இடது இடுப்புக்கு வரும்போது என் கை நின்றுவிடுகிறது. துணிக்கு அடியில் கிடப்பது நீதான் என்று தோன்றுகிறது. பயமாயிருக்கிறது லாத்தா. அங்கே நீ இல்லாமல் போய்விடுவாயோ என்றும் பயமாயிருக்கிறது.

இன்று தண்ணீர் ஊற்றிய பெண் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்ன சாச்சி, மெல்ல மெல்லன்னு யார்கிட்ட சொல்றீங்க?"

நான் வாய் திறந்ததே எனக்குத் தெரியாது.

"எங்க லாத்தாவுக்கு இடுப்பு முறிஞ்சிருக்கு" என்றேன்.

அவள் மெல்ல ஊற்றினாள்.