ஒப்புதல் படிவத்தில் என் முத்திரை

14 ஒக்டோபர், செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் இரண்டு காணி உறுதிகள், ஒரு பராமரிப்பு மனு. பிற்பகல் பஸ்ஸில் மூதூர். புறப்படும்போது கிளாக்கரின் கேலி: “சேர், நேசரிப் பள்ளிக்கு நேரம் போட்டுது.”

முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு வேண்டிய குடும்பங்கள் ஆறு. கிடைத்தவை நான்கு. பொருள்: வெளிநாட்டில் உழைக்கும் தந்தையைத் தொலைபேசியில் மட்டும் அறிந்த சிறு பிள்ளைகள். பிள்ளை தாயிடமா தந்தையிடமா என்று இருபது வருடம் வாதாடியவன் நான். ஒரு பிள்ளையையேனும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் இந்தப் படிப்பு அதற்காகவே.

இன்று மூன்றாம் இலக்க வீடு. (பெயர்களை இங்கும் எழுதுவதில்லை.) தந்தை கட்டாரில் சாரதி. மகளுக்கு நாலு வயது. வாப்பாவின் அழைப்பு முடிந்ததும் பிள்ளை தொலைபேசியைத் துவாயால் போர்த்தித் தட்டிக்கொடுத்தாள். எனக்கு உத்தரவு: “சத்தம் போடாதீங்க, வாப்பா படுக்காரு.” எட்டு நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. இதுவரை சேர்த்ததில் பெறுமதியானது இது ஒன்றே.

ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் தாய் கையொப்பமிட்டார்; நானும். ஒரு பிரதி அவரிடம்.

17, வெள்ளி

மழை. குடை பஸ்ஸில் போய்விட்டது.

மூன்றாம் வீட்டுத் தாயின் குரல் செய்தி. கணவர் கேட்டதால் படிவத்தைப் படமெடுத்து அனுப்பினாராம். கீழே என் கையொப்பம், அதன்மேல் முத்திரை. சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு. காணி உறுதிகளுக்கு முத்திரை குத்தும் கையின் பழக்கம். குத்தியதே நினைவில்லை. நால்வரின் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். நான்கிலும்.

மனைவி லோயர் பிடித்து விவாகரத்துக்கு ஆயத்தம் என்பது கணவரின் முடிவு. மூன்று நாளாக அழைப்பு இல்லை.

18, சனி

தாயின் அனுமதி பெற்றுக் கட்டாருக்கு அழைத்தேன். நான் இந்த விடயத்தில் மாணவன் மாத்திரமே என்று விளக்கினேன்.

“இந்த வயசிலயா?”

ஓம் என்றேன்.

“லோயர்மார் பொய்யையாவது வடிவாச் சொல்லுவாங்கண்டு நினைச்சன்.” துண்டித்துவிட்டார். என் வாழ்வில் மிகச் சுத்தமான உண்மையைச் சொன்ன நாள்.

ஆய்வு மேற்பார்வையாளருக்கும் அறிவித்தேன். என்னிலும் பதினைந்து வயது இளையவர். “முத்திரை ஆரய்யா கேட்டது?” என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

20, திங்கள்

முதலாம், நான்காம் வீடுகளும் இனி வரவேண்டாம் என்றன. கதை பரவிவிட்டது. மூன்றாம் வீட்டை விட்டால் மீதி ஒன்று. செய்யவேண்டியவை: பல்கலைக்கழகத்துக்குக் கடிதம். சப்பாத்து. குடை.

21, செவ்வாய்

மூதூர். வெயில். தாய் வாசலிலேயே நின்றார்.

“கடதாசியத் தந்துடுங்க சேர். எழுதினதயும் அழிச்சிடுங்க. உங்களக் குறை சொல்லல்ல. ஆனா நீங்க வந்துபோன பிறகுதான் அவர் கதைக்கிறாரில்ல.”

படிவத்தின் ஏழாம் பிரிவு: காரணம் கூறாது எந்நேரமும் விலகலாம், விலகின் குறிப்புகள் யாவும் அழிக்கப்படும். என் வரைவு. இதை எதிர்பார்த்து, பஸ்ஸில் வரும்போதே அதில் ஓட்டை தேடினேன், இல்லை. குறிப்புகள் பதினொரு பக்கம். அவர் முன்னிலையிலேயே கிழித்தேன். கணவருக்குக் காட்டவென்று கிழிந்ததை வேறொரு தொலைபேசியால் படமெடுத்தார்.

விறாந்தையில் பிள்ளை. மடியில் தொலைபேசி, அதே துவாய். என்னைக் கண்டதும் உதட்டில் விரல்.

“வாப்பா இன்னும் எழும்பல்ல.”

நேரம் 4.10. பிள்ளை துவாயின் ஓரத்தைச் சற்று விலக்கி, திரையைப் பார்த்து, மறுபடியும்

இதைக் குறிக்க எனக்கு அனுமதி இல்லை.