நல்ல தண்ணி என்று சொல்லிவிடாதே

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவின் இடுப்பு வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ஆய்வுக்கூடத்து நாற்காலியிலேயே தூங்கி எழுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. போனில் கேட்டால் சிக்னல் போய்விடுகிறது, அதுவும் சரியாக அந்தக் கேள்விக்குத்தான் போகிறது. முதலில் அவசரச் சேதி. சாயப்பட்டறை மேனேஜர், அதுதான் சட்டைப்பையில் மூன்று பேனா குத்திக்கொண்டு ஒன்றாலும் எழுதாத மூணு பேனா, அடுத்த மாதம் அதிகாரிகள் வரும்போது அவர்கள் எதிரில் உனக்குப் போன் செய்யப் போகிறார். பெருமை தாங்காமல் உன் நம்பரைக் கொடுத்தது அப்பாதான். நம் வடிகட்டும் டிரம்மில் வருவது நல்ல தண்ணி என்று உன் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும், பட்டறைக் கழிவு நம் போரில் இறங்குகிறது என்று தெருக்காரர்கள் கொடுத்த புகாரை அதோடு மூடிவிடலாம் என்பது கணக்கு. இதை நான் போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார், தெருவே கேட்கும், அதனால்தான் கடிதம்.

நீ என்ன சொன்னாய், லேத்தில் விழுகிற இரும்புச் சுருளை எண்ணெய் போகக் கழுவி, செம்பு உப்பான துருசைக் கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, டிரம்மில் மணல் மேல் போட்டு, சாயம் கலந்து ரோஸாகிப்போன போர் தண்ணீரை மெதுவாக விடச் சொன்னாய். இரும்புதான் சாயத்தை உடைக்கும், செம்பு பக்கத்தில் நின்று விரட்டும் என்றாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது, நம் வீடும் அப்படித்தானே நடக்கிறது. ஆனால் உன் அப்பா முலாம் பூசுகிறவர் ஆயிற்றே. இரும்பை நேராகத் துருசில் முக்கினால் திட்டுத் திட்டாகச் சிவப்பு அப்பும், விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும், அவர் தொழிலில் அது வேலையே இல்லை, அசிங்கம். பொண்ணு தெரியாம சொல்லுது, இதெல்லாம் நிக்காது என்று சொல்லிவிட்டு, அடிப்பூச்சு கொடுத்து, கரண்ட் கொடுத்து, சுருள் சுருளாகச் செம்பைத் தங்கம் மாதிரி பூசி எடுத்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது, எதிர்வீட்டுத் தையல்காரி ரெண்டு குடுங்கண்ணா, காதுல மாட்டிக்கிறேன் என்றாள். டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டால், மேலே ரோஸ், கீழேயும் அதே ரோஸ். இரும்பே வெளியில தெரியாம மூடிட்டா அது எப்படிப்பா வேலை செய்யும் என்று நீ போனில் சிரித்தாயே, அதற்குப் பிறகு மனுஷன் சாப்பாட்டுக்குக்கூட வாய் திறந்து கேட்கவில்லை, தட்டைத் தள்ளிவைத்துக் காட்டினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல், நீ சொன்னபடியே நேராகத் துருசில் முக்கி மட்டமான வேலை செய்தார். வெளியே வந்து, வேணும்னே கெடுத்திருக்கேன், வெளியில சொல்லிடாதே என்றார். அந்த அசிங்கம் பிடித்த சுருள்தான் இன்றைக்கு வரை தண்ணீரைக் கண்ணாடியாக இறக்குகிறது.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. தண்ணீர் தெளிந்ததும் ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நிறம்தான் போகும், உடைந்த சாயத்தின் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே இருக்கும், அதற்கு வேறு சுத்தம் வேண்டும் என்று நீ சொன்னதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற எடுத்துக்கொள்ளுங்கள், வாயில் வைக்காதீர்கள் என்றேன். இத்தனை தெளிவா இருக்கேக்கா, ஒனக்கு மனசு வரல என்று தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், இன்னும் திருப்பவில்லை. வாரா வாரம் கேன் தண்ணீர் வாங்குகிற வீட்டில் அந்தக் கோபம் வரத்தான் செய்யும், நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாயப்பட்டறை முதலாளி வீட்டுக்கு மட்டும் ஊருக்கு வெளியே இருந்து லாரியில் தண்ணீர் வருகிறது. தன் பட்டறை வாசலில் ஓடுவதை அவர் நாய்கூடக் குடிப்பதில்லை.

மூணு பேனா போன வாரம் வீட்டுக்கே வந்தார். முதலாளி புது டிரம்மே வாங்கித் தருவாராம், அதில் உன் பெயரைப் பெயிண்ட்டில் எழுதுவார்களாம். அப்பா முகத்தில் நூறு வாட் பல்பு. டிரம்மை எங்க போர்கிட்ட ஏன் வைக்கணும், உங்க கழிவுக் குழாய் வாய்ல வைங்களேன் என்றேன். அதான் தண்ணி தெளிஞ்சுடுச்சேம்மா என்று சிரித்தார். ஆஸ்பத்திரி லாண்டிரியில் இத்தனை வருஷம் போர்வை துவைக்கிறவளிடம் அதைச் சொல்லலாமா. எங்க லாண்டிரில துணி வெளுத்த பிறகுதான் சார் கிருமி சாக வேகவைக்கிறோம், வெள்ளை வேற சுத்தம் வேற என்றேன். அந்தச் சுருள் கரைந்து துருச் சேறாகும்போதெல்லாம் யார் மாற்றுவது, அவர்கள் கழுவி விடுவதை நாங்கள் காலம் முழுக்க வடிகட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா என்றும் கேட்டேன். மூன்று பேனாவில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. அவர் போனதும் அப்பா டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார், எனக்குப் பயம்தான், பெயிண்ட் பெயரில் மனம் போய்விட்டதோ என்று. கடைசியில், அவன் கேக்கிறது பளபளன்னு ஒரு பூச்சு, அதை நான் ஏற்கெனவே போட்டுப் பாத்துட்டேன், வேலை செய்யல என்றார். மறுநாள் தானே வீடு வீடாகப் போய், புகாரில் போட்ட கையெழுத்தை யாரும் திரும்ப வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார், இடுப்பு வலி அதனால் வந்ததுதான்.

ஆகையால் கண்ணு, போன் வந்தால் மரியாதையாகப் பேசு, நிறம் போயிருக்கு என்று சொல், உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல், நல்ல தண்ணி என்ற வார்த்தை மட்டும் வாய் தவறியும் வரக் கூடாது. நேரத்துக்குத் தூங்கு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, உடம்பும் புத்தியும் தெளிவாக இருந்து நீ நீடூழி வாழ வேண்டும். அப்பா பூசிய அந்தப் பளபளச் சுருளில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். தண்ணீரை ஒன்றும் செய்யாது, பார்க்க அழகாக இருக்கும். மூணு பேனா பேசும்போது அதை எதிரில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
பக்கத்தில் நின்று விரட்டும்
உன் அம்மா