லண்டன் இல்லை, பட்லி

மல்வேர்ன், ரொறன்ரோ
மார்கழி 3, 2024

அன்பின் பிரதீபாவுக்கு,

ஆண்டவர் இந்த நேரத்தில் உமக்கும் பிள்ளை துர்க்காவுக்கும் பக்கத்தில் இருப்பாராக.

நான் கிளிபோட்டின் அக்கா அன்ரனெற். நாங்கள் இருவரும் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஒருமுறை அவன் போனை உம்மிடம் தந்தபோதுகூட, சுகமா, சாப்பிட்டீரா என்பதற்கு மேல் கதை ஓடவில்லை. கனடா இலக்கம் என்றால் நீர் இப்போது தூக்குவதில்லை என்று அறிந்தேன். அன்புராசா அண்ணை உம்மோடு கதைத்த கதைக்குப் பிறகு, நானாக இருந்தாலும் தூக்கமாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். ஹடர்ஸ்பீல்டில் இருக்கும் றீற்றா இதைக் கொண்டுவந்து உம்முடைய கையில் தருவதாகச் சொன்னாள்.

உம்முடைய நெஞ்சில் இப்போது என்ன பயம் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணை தம்பியின் உடலை இங்கே எடுப்பிக்க நிற்கிறார். வேலைத்தலத்தில் திடீரென்று விழுந்து செத்தபடியால் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்து அவனை விடவில்லை. விட்டவுடன் பெட்டியை விமானத்தில் ஏற்றவேண்டும், அதற்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டுபேரும் ஒப்பம் வைக்கவேண்டும் என்று அங்குள்ள அடக்கச் சேவைக்காரர் சொன்னார்களாம். கோயிலில் அவன் உமக்குத் தாலி கட்டினதோடு சரி, நீங்கள் கந்தோரில் போய்ப் பதியவில்லை. எங்களுடைய ஆட்களில் எத்தனையோ பேர் இப்படித்தான், ஐயர் முன்னால் நடந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இப்போது சட்டத்துக்கு நீர் யாரோ ஒரு ஆள். அண்ணை ஒப்பம் வைத்துவிட்டார். நான் இன்னும் வைக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளும்.

அண்ணையை ஒரு பிசாசு என்று நினைக்காதேயும். அம்மா சாகக் கிடந்தபோது, சின்னவனை என்னருகில் கொண்டுவந்து விடு என்று அவருடைய கையைப் பிடித்துத்தான் கேட்டா. அந்த நேரம் தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. அம்மாவின் அடக்கத்தை அவன் தொழிற்சாலைக் கன்ரீனில் இருந்து போனில் பார்த்து அழுதது உமக்குத்தான் தெரியும். அம்மாவின் குழிக்குப் பக்கத்து நிலத்தை அண்ணை அப்போதே வாங்கிப்போட்டார். உயிரோடு கொண்டுவர முடியவில்லை, இப்படியாவது கொண்டுவருவோம் என்று நினைக்கிறார். உள்ளதைச் சொன்னால் முதல் இரண்டு நாளும் நானும் அப்படித்தான் நினைத்தேன். பேசாலையில் வள்ளம் ஏறப்போனவனை வழியனுப்பியதற்குப் பிறகு நான் அவனைத் தொடவே இல்லை, பிரதீபா. வீடியோவில் பார்த்து என்ன, கையில் பிடிக்க முடிகிறதா? குளிர்ந்த உடம்பாக வந்தாலும் வரட்டும், ஒருதரம் தடவிப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

மரண அறிவித்தலை அண்ணைதான் எழுதினார். பேசாலையைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட கிளிபோட் என்று இணையத்தில் போட்டார். உம்முடைய பெயரும் இல்லை, பிள்ளையின் பெயரும் இல்லை. நாங்கள் கத்தோலிக்கர், நீர் சைவம், முதல் கலியாணம் முறிந்தவர், கையில் ஒரு பிள்ளையோடு வந்தவர் என்று அவருக்கு மனத்தில் ஒரு கறள். பெயரை விட்டது வேண்டுமென்று செய்தது. ஆனால் லண்டன் என்று போட்டதில் ஒரு கள்ளமும் இல்லை. எங்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தானே! ஆரும் கேட்டால் தம்பி லண்டனில் என்போம். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது உண்மையாகிவிட்டது. இத்தனைக்கும் அண்ணை இங்கே ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கிய நாளில் இருந்து, ஸ்காபுரோவிலா இருக்கிறீர்கள் என்று ஆராவது கேட்டால் முகம் கோணிவிடும். விட்பி, விட்பி என்று திருத்துவார். தம்பியைப் பிடித்து லண்டனில் வைக்கும்போது மட்டும் அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

எனக்கும் உறுத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். செய்தி வந்தவுடன் லண்டனில் இருக்கும் சித்தியின் மகள் கிளடிசைப் போனில் எடுத்து, ஓடிப்போய்ப் பார் பிள்ளை என்றேன். அக்கா, பட்லி வடக்கில கிடக்கு, இங்கயிருந்து காரில நாலு மணித்தியாலம், நான் ஒருநாளும் போகாத இடம் என்று அவள் சொன்னாள். லண்டனில் எங்கள் சனம் நிறைய, அவனுக்கு என்ன குறை என்று இத்தனை வருஷமும் நிம்மதியாகப் படுத்தவள் நான். அன்றைக்குத்தான் என் மகள் ஜூலியைக் கூப்பிட்டு, பட்லி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டச் சொன்னேன்.

அவன் சொல்லாமலும் இல்லை. பட்லி முழுக்க ஏற்ற இறக்கம், கரி பிடித்த கல்வீடுகள், மூடிக் கிடக்கும் கம்பளி ஆலைகள் என்பான். மெத்தை செய்யும் இடத்தில் தன்னோடு நிற்பவர்கள் குஜராத்திகளும் பாகிஸ்தான்காரரும், நோன்பு நாளில் அவர்கள் முன்னால் தேத்தண்ணி குடிக்கத் தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்பான். பட்லிக்கும் டியூஸ்பரிக்கும் நடுவில் ஒரு தெருதானாம், ஆனால் பட்லிக்காரனை டியூஸ்பரியா என்று கேட்டால் அடிக்க வருவானாம். பேசாலைக்காரனைத் தலைமன்னாரா எண்டு கேட்டா நான் விடுவனோ அக்கா என்று சிரிப்பான். ஒருமுறை ஹலிபாக்சில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான். கனடாவில் இருப்பதுபோல அங்கேயும் ஒரு ஹலிபாக்ஸ் இருப்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சின்னவன் கனடாவுக்கு வந்திட்டான் என்று எழும்பி, அவனுக்கு மீன் எடுக்கச் சொல்லி என்னைக் கடைக்குத் துரத்தினா. அதை நினைத்து இந்தக் கிழமையும் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு அழுதேன்.

அறிவித்தல் போன அடுத்த நாள்தான் றீற்றா என்னை எடுத்தாள். முன்பின் தெரியாத குரல். அக்கா, படத்தைப் பாத்தா எங்கட கிளிபோட் அண்ணை மாதிரிக் கிடக்கு, ஆனா லண்டன் எண்டு போட்டிருக்கு, பிரதீபா அக்கான்ர பேரும் இல்லை, இது வேற ஆளோ என்று கேட்டாள். அவன்தான் என்றேன். அவள் கத்தி அழுதாள். லண்டன் என்று இருந்ததால் வேக்பீல்டிலும் பிராட்போர்ட்டிலும் இருந்த சனம் அது வேறு யாரோ என்று விட்டுவிட்டதாம். உம்முடைய வீட்டுக்கு அதுவரைக்கும் துக்கம் விசாரிக்கக்கூட ஆட்கள் வரவில்லை என்று சொன்னாள். பக்கத்து வீட்டுப் பாகிஸ்தான்காரப் பெண்தான் சோறு கொண்டுவந்து தந்தாவாம். அதைக் கேட்டு எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

பிறகு றீற்றா ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாதத்தில் ஒரு ஞாயிறு லீட்சில் தமிழ்ப் பூசை என்றால், அவன் வான் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிழடு கட்டைகளை ஏற்றுவானாம். அந்தக் குளிரில் நீர் விடிய எழும்பி எல்லாருக்கும் சேர்த்துப் பால்தேத்தண்ணி ஊற்றி, பூசை முடியும்வரை கடைசி வாங்கில் இருப்பீராம். உம்மை ஒருநாளும் மதம் மாறச் சொல்லவில்லையாம் அவன். துர்க்கா அவனை அப்பா என்றுதான் கூப்பிடுவாளாம், பல்கலைக்கழகத்தில் இருந்து வரும்போதெல்லாம் அவனே போய் ஸ்ரேசனில் நிற்பானாம். இவ்வளவு நிறைந்த ஒரு வாழ்க்கையை எங்கள் தம்பி வாழ்ந்திருக்கிறான். நாங்கள்தான் அதில் ஒன்றையும் கேட்டறியாமல் இருந்தோம்.

நேற்று அண்ணை விட்பியில் இருந்து வந்தார். மேசையில் பத்திரத்தை விரித்துப் பேனையையும் வைத்தார். நான் ஒப்பம் வைக்கமாட்டேன் என்றேன். அவன்ர வீடு அங்க, அவன்ர பெண்சாதி பிள்ளை அங்க, ஒரு குடும்பத்திட்டயிருந்து ஆளைப் பிடுங்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில வச்சா அம்மா சந்தோசப்படமாட்டா என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. நான் அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுறது பிள்ளை என்று மட்டும் கேட்டார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். யன்னலால் பார்த்தேன், காரை எடுக்காமல் உள்ளே இருந்து அழுதுகொண்டிருந்தார். இனி என்னோடு கதைப்பாரோ தெரியாது. ஆனால் அவர் நல்ல மனுசன். ஆறின பிறகு உம்மை எடுப்பார், அந்த நேரம் மட்டும் போனைத் தூக்கிவிடும்.

அறிவித்தலையும் மாற்றுவித்தேன். பட்லியை வதிவிடமாகக் கொண்டவர், பிரதீபாவின் அன்புக் கணவர், துர்க்காவின் பாசமிகு தந்தை என்று இன்று காலையில் இருந்து இருக்கிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமும் உம்மை என் தம்பி பெண்சாதி என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே அவனை அங்கேயே அடக்கம் செய்யும். நீர் நடந்து போகக்கூடிய தூரத்தில் வையும். அடக்கத்துக்கு வர எனக்கு உடம்பு இடம் தராது, முழங்காலுக்குக் கத்தி வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கோடை வர, ஜூலி கூட்டிக்கொண்டு வருவாள். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடும். துர்க்காவைத் தனியே விடாதேயும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டியை மூடும் முன் எங்களுடைய ஆட்கள் முறைக்கு முறை வந்து நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சி அனுப்புவார்கள். உங்களுடைய பக்கத்தில் இந்த வழக்கம் இல்லை, பிரேதத்தைக் கொஞ்ச உமக்குப் பயமாகவும் இருக்கலாம். பயப்படாதேயும், அவன்தானே. முதலில் உமக்காகக் கொஞ்சும். பிறகு அம்மாவுக்காக ஒருதரம், அண்ணைக்காக ஒருதரம். கடைசியாக எனக்காக. அது கொஞ்சம் நேரம் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய மச்சாள்
அன்ரனெற்