தும்பு மாறிய காளைகள்

மாதா துணை

இராயப்பன்பட்டி,
வைகாசி மாதம், 1943

அன்பு மகன் ஆரோக்கியசெல்வத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அய்யாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீ இருக்கிற இடம் இன்னதென்று எங்களுக்குத் தெரியாவிட்டாலும் அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கை செலின் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள், மாங்காயைக் கண்டால் விடமாட்டேன் என்கிறாள். வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது. சுகம் விசாரித்தது இத்தோடு முடிந்தது, இனி எழுதப்போவதெல்லாம் கோபம்தான், தெரிந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்தது. பட்டாளத்தில் கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய், படிக்கிற துரைக்குத் தமிழ் தெரிந்தால் நன்றாகப் படிக்கட்டும், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஒரு பொம்பளையின் வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது. பொன்னுராஜ் என்னோடு படித்தவன், அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள், நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு உன் அய்யா, பயலே சொல்லிட்டான், விட்டுரு பாக்கியம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. எதை விடச் சொல்கிறோம் என்று உனக்கே தெரியாது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

மாசி மாதம் நீ அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு நானும் உன் அய்யாவும், துணைக்கு அடுத்த வீட்டு ஒச்சாண்டியும் கடமலைக்குண்டுக்குப் போனோம். பொன்னுராஜ் அங்கே பெண் கட்டி மாட்டு வியாபாரம் பார்க்கிறான் அல்லவா, உன் சிநேகிதன்தானே என்று தரகர்கூட வைத்துக்கொள்ளவில்லை. மயிலைக் காளைகள் ஒரு ஜோடி, உன் அய்யா பல் பார்த்தார், சுழி பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. விலையை வழக்கம்போலத் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துப் பேசிக்கொண்டார்கள், பக்கத்தில் நின்ற எனக்கோ ஒச்சாண்டிக்கோ விலை இன்னதென்று தெரியாது. பேசி முடித்ததும் முழு விலையையும் உன் அய்யா அவன் கையில் வைத்துவிட்டார். ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள் என்றேன், நம்ம பயலோட படிச்சவன்கிட்டப் போயி சீட்டுக் கேக்கவா என்று என்னை முறைத்தார். பொன்னுராஜ் மாட்டுக் கழுத்தில் கிடந்த தன் தும்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான், மாட்டை விற்கிறவன் தும்பையும் சேர்த்துக் கொடுத்தால் தொழுவத்து ராசி போய்விடும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஒச்சாண்டி கொம்பைப் பிடித்துக்கொள்ள, நான் வீட்டிலிருந்து திரித்துக் கொண்டுபோன புதுத் தும்பை உன் அய்யா கட்டினார். அந்த நேரம் பார்த்து ஆண்டிபட்டிச் சாலையோரத்து ஊர்களில் எல்லாம் கோமாரி. இப்ப ஓட்டிட்டுப் போனா வழியிலயே நோவு பிடிச்சுக்கிரும், பங்குனி கழியட்டும் பெரியம்மா, நானே கொண்டாந்து விடுறேன் என்றான். நல்ல புத்தி சொல்கிறான் என்று நம்பி வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

பங்குனியும் போனது, சித்திரையும் பிறந்தது, காளை வரவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிற காலமாகிவிட்டதே, மலையிலிருந்து கரி ஏற்றுகிற வண்டிக்கு நல்ல வாடகை, அந்த வண்டியில் நம் காளைகளைப் பூட்டி அவன் சம்பாதிக்கிறான் என்று ஒச்சாண்டி பார்த்துவிட்டு வந்து சொன்னார். உன் அய்யா போய்க் கேட்டதற்கு, சண்டையில மாட்டு வெல ஏறிப்போச்சு, நீக குடுத்தது அச்சாரந்தான பெரியய்யா, மிச்சத்தக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போங்க என்றானாம். அச்சாரமாம். முழு விலையையும் வாங்கி மடியில் முடிந்துகொண்டவன் வாயிலிருந்து வருகிற சொல்லைப் பார். துண்டுக்குள் பேசிய விலைக்குச் சாட்சி இல்லை என்ற தைரியம்தான். பங்குச் சாமியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம், பணம் குடுத்தோம், மாடு தரமாட்டேங்கிறான் என்றார் உன் அய்யா. ஏட்டையா பேனாவைக்கூடத் தொடவில்லை, குடுக்கல் வாங்கல்னா அது சிவில், கோர்ட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்.

இங்கே ஆனியில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். நம் குத்தகை நிலத்துக்காரர் தவசி நம் வீட்டுக்கே வந்து, தண்ணி வந்ததும் தொளி உழுகலைன்னா வேற ஆளுக்கு விட்டுருவேன், மனசுல வச்சுக்கிறாதீக என்று சொல்லிவிட்டுப் போனார். இரவல் மாடு கிடைக்காது, எல்லார் வயலிலும் ஒரே நேரத்தில்தான் தண்ணீர் பாயும். அந்த நிலம் போனால் நமக்கு வேறு கஞ்சி இல்லை. இதைத்தான் நீ விட்டுவிடச் சொல்கிறாய்.

உன் அய்யாவை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்று நான் ஒச்சாண்டியைக் கூட்டிக்கொண்டு பெரியகுளத்துக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். இல்லையென்றால், அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நஷ்ட ஈடாகக் கேட்கலாம். இன்ன மாடு என்று பார்த்துப் பேசியிருப்பதால் அந்த மாட்டையே கொடு என்றும் கேட்கலாம். ஆனால் எதைக் கேட்டாலும் அவன் அச்சாரம் என்பான், முழு விலை கொடுத்ததற்கு என்ன ருசு, என்ன அத்தாட்சி என்றார். என்னிடம் என்ன இருக்கிறது. எழுந்து வரும்போது வாய் சும்மா இருக்காமல், நான் திரித்த தும்பையும் சேர்த்துத் தின்றுவிட்டான் பாவி என்று முணுமுணுத்தேன். என்ன தும்பு, உக்காந்து சொல்லுங்கம்மா என்றார். சொன்னேன். அச்சாரம் வாங்குகிறவன் மாட்டில் கை வைக்கவே விடமாட்டான், முழுக் கிரயமும் கைக்கு வராமல் மாடு வைத்திருக்கிற எந்தச் சம்சாரி தன் தும்பை அவிழ்ப்பான் என்று கேட்டேன். கொம்பப் பிடிச்சவனே நாந்தானய்யா, அந்தத் தெருவே பாத்துச்சு என்று ஒச்சாண்டியும் சொன்னார். வக்கீல் சிரித்துவிட்டார். நீக மாட்டுக்குப் பணம் குடுத்துட்டுக் காத்திருக்கவுக இல்லம்மா, மாட்டுக்கே சொந்தக்காரவுக, தும்பு மாறுன அன்னைக்கே காளை உங்களுது, அவன் வச்சுப் பாத்துக்கிற ஆளுதான், அதை வேற யாருக்கும் வித்தான்னா சிவில் இல்ல, கிரிமினல், ஸ்டேஷன்ல நீக தப்பாச் சொல்லிட்டீக என்றார். பணம் கொடுத்தோம் என்று சொல்லாமல் எங்கள் மாடு அவன் தொழுவத்தில் நிற்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பேச்சை மாற்றிச் சொல்லி எத்தனை நாளை வீணாக்கினோம் பார்.

வக்கீல் அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் விட்டார், அதற்கு என் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். நோட்டீஸ் கிடைத்ததும் பொன்னுராஜ் எனக்குப் பதில் எழுதவில்லை, உனக்கு எழுதினான். அவன் அழுததை நீ நம்பினாய், நான் அழுதது உனக்குக் கேட்கவில்லை. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் வழக்குப் போடுகிறோம், காளையை விற்கக்கூடாது என்று தடையுத்தரவும் கேட்கிறோம். உன் அய்யா கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். போடாவிட்டால் நுகத்தடிக்கு ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான் என்றேன், போட்டுவிட்டார். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், மாடு எங்களுடையது, ஓட்டிவந்து விடு என்று அவனுக்கு ஒரு வரி எழுது, அவன் சிநேகிதம் உனக்கு வேண்டுமானால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று எழுதினாயே, நீ வருவது உன் கையிலா இருக்கிறது. ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் நீயும் ரயில் ஏறினாய். எனக்குப் பாதிக் கோபம் அதில்தான். மாதாமாதம் தபால்காரர் சர்க்கார் பணத்தை நீட்டுகிறபோது கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன், வாங்குகிறபோதெல்லாம் கை கூசுகிறது. அது நீ பாடுபட்ட சம்பளம், உன்னைக் கொடுத்து நான் வாங்கிய கிரயம் இல்லை.

சளியை வளரவிடாதே, வெந்நீர் கிடைத்தால் குடி, கிடைத்ததைத் தள்ளாமல் சாப்பிடு. மாதா உன்னைத் தன் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கழுத்தில் நம்பர் அடித்த தகடு மாட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அது கிடக்கட்டும், அதற்காக நீ போகிற அன்று நான் கழுத்தில் கட்டிவிட்ட மாதா உத்தரியக் கயிற்றைக் கழற்றிவிடாதே. பழைய கயிறு உன் கழுத்திலேயே கிடக்கிறது, அதை நான் அவிழ்த்துச் சுருட்டிக்கொள்ளவில்லை. இதைப் படிக்கிற துரையும் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா,
ஞானபாக்கியம்