அத்தையின் இரும்பு வாணலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

உதவியாக இருக்கட்டுமே என்று அத்தையின் இரும்பு வாணலியைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுவிட்டேன். எண்ணெய் ஏறிய பளபளப்பெல்லாம் போய், துருப்பிடித்து வெளியே வந்தது. அதே மெஷினில் மரக்கரண்டி பிளந்த அன்றே அத்தை சொல்லிவிட்டார்: "இன்னொரு சாமான் கெட்டுச்சு, மூட்டையக் கட்டிக்கிட்டு உங்கம்மாகிட்டயே போயிடு!" போனால் என் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

அத்தைக்குத் தெரியாமல் துருவை உப்பு போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிக் காய்ச்சி, ஆணியில் மாட்டிவிட்டேன். காலையில் அத்தை அதில்தான் முட்டை பொரிப்பார். ஒட்டாமல் வந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவேன். உன் கைக்கு வந்திருந்தால் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். என்னை அனுப்பிவிட வேண்டாம் என்று உடனே அத்தையிடம் பேசு அம்மா. போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, துவைக்காமல்.

அத்தை இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

உன் சின்னக்குட்டி