காக்கடா பூத்த மல்லிகைச் செடி

ஆனையூர், மதுரை
ஏப்ரல் 21

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ஆன்றோவும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன், இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஆண்டவர் இரக்கத்தில் எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, கோபம் மட்டும் இப்போதுதான் இறங்க ஆரம்பித்திருக்கிறது. வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பா எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நீ கேட்பாய். நான் போனில் நாலு எழுத்து தட்டுவதற்குள் அம்மா பின்னால் வந்து நின்று படித்துவிடுகிறாள். ஆனையூரில் தபால் போட்டால்கூட யாராவது பார்த்து அவளிடம் சொல்லிவிடுவார்கள் என்பதால் இதைச் சமயநல்லூர் போய்ப் போடப்போகிறேன். பத்து நாளாக வீடியோ காலில் அம்மா முகத்தைக் காட்டாமல் ஃபேனைக் காட்டினாளே, அதற்கான காரணத்தை என் வாயால் நீ தெரிந்துகொள்வதுதான் முறை. பக்கத்து வீட்டுப் பீர் முகமது வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

மலர்க் கண்காட்சிக்காக அம்மா ஒரு மல்லிகைத் தொட்டி வளர்த்தாள் என்று உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கவாத்து செய்து, மீன் கழுவின தண்ணீர், முட்டை ஓடு, கடலைப் புண்ணாக்கு எல்லாம் போட்டு, மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் வைத்துப் பிள்ளையைப் போலப் பார்த்தாள். நீ டைபாய்டில் கிடந்தபோதுகூட இத்தனை தடவை எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவள் ஏன் இதில் இப்படி உயிரை வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. இருபது வருடமாக நம் கோவில் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவள் அவள், ஆனால் திருவிழா அன்று மைக்கில் நன்றி சொல்லும்போது சவரியப்பன் சார் குடும்பத்தாருக்கு நன்றி என்றுதான் சொல்வார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்காருவேன். இந்தப் போட்டிக்குத்தான் முதல்முறையாகத் தன் பெயரில் விண்ணப்பம் போட்டாள். தொட்டியில் கட்டுகிற அட்டையில் ஜோசபின், ஆனையூர் என்று எழுத மூன்று அட்டையை வீணாக்கினாள். மைக்கில் ஒரு தடவை என் பேரச் சொல்லட்டும், அது போதும் என்று பீர் முகமது வீட்டு ஷரீபாவிடம் சொன்னாளாம்.

கண்காட்சி ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. சாம்பல் புதனிலிருந்து தவக்காலம் முழுவதும் அம்மா தலையில் பூ வைக்கவில்லை, ஈஸ்டர் முடிந்தும் போட்டி மும்முரத்தில் மறந்துவிட்டாள். எனக்கோ மதியம் ஆனால் மொட்டைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி அவளிடம் கொடுத்துப் பழகிய கை. அன்றைக்கு நான் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தேன், அம்மா இரண்டாம் பூசைக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் போயிருந்தாள். வாசலில் நம் வழக்கமான தொட்டி மொட்டாகக் குலுங்கிக்கொண்டு நின்றது. அவளை அசத்திவிடலாம் என்று ஒன்று விடாமல் பறித்தேன். இருநூற்றுப் பதினாறு. பாதியை மதில் சுவருக்கு மேலே ஷரீபாவிடம் நீட்டினேன், அது நம் வீட்டு வழக்கம்தானே. அவள் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், ஐந்து நிமிடத்தில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள். அப்புறம் பீர் முகமது தொட்டியை ஆட்டோவில் ஏற்ற வந்தார். பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். அண்ணே, என்ன காரியம் செஞ்சீக, காலைல நீக பூசைக்குப் போனப்ப நான்தானே மாடியிலருந்து இதத் தூக்கியாந்து வாசல்ல வச்சேன், உங்க தொட்டி கொல்லைல இருக்கு என்றார். எனக்குச் சர்க்கரை ஏறியதா இறங்கியதா தெரியவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ஆனால் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் புத்தி, கழித்ததை மறுபடி கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியது. மீதி நூற்றெட்டு மொட்டையும் வெள்ளை நூலால் அதே செடியில் கட்டிவிடலாம், அதே செடி, அதே மொட்டு, இதில் என்ன பொய் இருக்கிறது என்று கேட்டேன். பீர் முகமதுவும் யோசித்துப் பார்த்து, பொய் இல்லண்ணே, ஆனா பாதி செடி மொட்டையாத் தெரியுமே என்றார். உடனே அவர் ஸ்கூட்டரில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பறந்தோம். எந்த அவசரத்திலும் அந்த மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் மனசு குளிர்ந்துவிடுகிறது ஐரின். ஈரச் சாக்கும் செவ்வந்திக் குவியலும் மரிக்கொழுந்து வாசமும், காலுக்கடியில் மிதிபட்ட ரோஜா இதழும், நான் ஒரு நிமிடம் வந்த வேலையை மறந்து சம்பங்கி விலை விசாரித்துக்கொண்டு நின்றேன், பீர் முகமதுதான் இழுத்துக்கொண்டு போனார். ஆனால் அன்றைக்கு முகூர்த்த நாள். பூக்கடைப் பால்பாண்டி, மல்லியெல்லாம் விடியமுன்னயே காலிண்ணே, காக்கடாதான் கிடக்கு, எம்புட்டு வேணும் என்றான். காக்கடா மொட்டு பார்வைக்கு மல்லிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், வாசனைதான் கிடையாது. நான் தயங்கினேன். பீர் முகமது தோளைத் தட்டி, வாசனைக்கு நானாச்சுண்ணே, அத்தர் கடை எதுக்கு வச்சிருக்கேன் என்றார். உலகத்தில் கெட்ட யோசனை எல்லாம் நல்ல மனுசர்களிடமிருந்துதான் வருகிறது.

இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கட்டினோம். அம்மா வருவதற்குள் செடியை ஈரத்துணியால் மூடி, வெயில் படக்கூடாது, திறக்காதே என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினோம். அவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தொட்டியை மடியில் அணைத்தபடி வந்தாள். கண்காட்சியில் நீ பார்க்க வேண்டிய கூத்தெல்லாம் இருந்தது. தர்பூசணியில் செதுக்கிய மயில், செல்பி எடுக்க ரோஜாவில் ஒரு இதயம், அதற்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட ஒரு போலீஸ்காரர், சோப்புத் தட்டு அளவு தொட்டியில் ஒரு ஆலமரம். எனக்கு ஒன்றிலும் கண் நிற்கவில்லை. மல்லிகைக்கு மட்டும் மாலை ஆறரைக்கு நடுவர் வருவதாக ஏற்பாடு, அப்போதுதானே மலரும். மலர்ந்தது. பாதி குண்டு குண்டாக, பாதி ஒல்லி ஒல்லியாக. ஒரே செடியில் இரண்டு சாதிப் பூ. நடுவர் அம்மாள் குனிந்து முகர்ந்தார், பீர் முகமதுவின் அத்தர் சும்மா விடுமா, அடுத்தடுத்து மூன்று தும்மல். தும்மிய வேகத்தில் கை பட்டு ஒரு பூ நூலோடு வந்தது. அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிச்சு நல்லாத்தான் இருக்கு என்றார். அம்மா செடியைப் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தாள். நான் திரும்பிப் பீர் முகமதுவைப் பார்த்தேன், அவர் இருந்த இடத்தில் அவர் இல்லை.

இதுவரை சிரித்திருப்பாய், சிரி. இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்கைப் பிடித்தவர் எதையும் இரண்டு தடவை சொல்கிற ஆள். மல்லிகைப் பிரிவு, தொட்டி எண் பதினேழு, ஜோசபின், போட்டியிலிருந்து நீக்கம் என்றார். மறுபடியும் ஜோசபின், நீக்கம் என்றார். அவள் ஆசைப்பட்டபடி பெயரைச் சொல்லிவிட்டார்கள், எப்படிச் சொன்னார்கள் பார். அம்மா அட்டையை அவிழ்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வீட்டில் நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். கேட்டுக்கொண்டு உள்ளே போனவள்தான், ஒரு வாரம் என்னிடம் பேச்சே இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. முந்தாநாள் ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது சாமியாரிடம் கெஞ்சி மைக்கை வாங்கினேன். ஜோசபின் வளர்த்த செடியில் ஒரு குறையும் இல்லை, மொட்டைப் பறித்தவனும் நான்தான், காக்கடாவைக் கட்டியவனும் நான்தான், இருபது வருடமாக இந்தப் பீடத்துக்குப் பூ வைப்பவளும் ஜோசபின்தான், நான் சும்மா எழுந்து கும்பிடுகிறவன் என்று சொன்னேன். கோவிலே சிரித்தது. அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று பதறிவிட்டேன், பார்த்தால் அவளும் சிரிக்கிறாள்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் வாயைத் திறந்தாள். ஊருக்கு முன்னால அம்புட்டுப் பேர் கேக்க என் பேரச் சொன்னீகளே, கல்யாணமாகி முப்பத்தி நாலு வருசத்துல வீட்டுக்குள்ள ஒரு தடவ சொல்லியிருக்கீகளா, இந்தா, ஏய், ஐரினம்மா, இத விட்டா என்ன சொல்லியிருக்கீக என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை. என் அப்பாவும் அப்படித்தான், அவர் அப்பாவும் அப்படித்தான், எனக்கு அது தப்பு என்றே தோன்றியதில்லை.

நீ அம்மாவுக்குப் போன் செய்யும்போது எதுவும் தெரியாத மாதிரி செடியைப் பற்றி மட்டும் கேள், மறுபடி துளிர் விட்டிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையை ராத்திரியில் தயிர் சாப்பிட விடாதே. அப்புறம் ஆன்றோ உன்னைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறார், அதற்காகவே அவருக்கு என் வணக்கத்தைச் சொல். நேற்றுக் காலை நானும் வெட்கத்தை விட்டுவிட்டு முற்றத்தில் நின்று ஜோசபின் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன், அதற்கும் இல்லை. பதறிப்போய் அடுப்படியில் எட்டிப் பார்த்தால் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருக்கிறாள். காதில் விழவில்லையா என்று கேட்டேன். விழுந்துச்சு, இன்னொரு தடவ கூப்பிடுவீகன்னு நின்னேன் என்றாள்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ ஆண்டவர் துணையிருப்பாராக.

உன் அப்பா,
சவரியப்பன்